மிளகாய் டீச்சரின் நாற்காலி

என் மனைவிக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பார்கள். நிற்பதென்ன, அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. பயிற்சி நிலையத்தில் அவளுக்கு மிளகாய் டீச்சர் என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் காதுபடாமல் எதையும் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

எனக்கும் கோபம் வரும். நான் குழாய் பழுது பார்க்கிறவன். நாளெல்லாம் அடைத்த குழாயோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வராமல் என்ன செய்யும்? ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் என் கோபத்தில் பாதி என் மீதேதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு இருபத்தாறு வயதில் பார்வை மங்க ஆரம்பித்து முப்பதில் முழுக்கப் போனது. இப்போது நாற்பத்தெட்டு. பார்வை இழந்தவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கவும், சாலை கடக்கவும், அடுப்படியில் புழங்கவும் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு அவள் பாடம் எடுக்கிறாள். நர்ஸ், பள்ளி ஆசிரியர், சமூக சேவகர் என்று பலரும் வருவார்கள். நான்கு மாதப் படிப்பு. வருகிற எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியும். அதுதான் முதல் தலைவலி என்பாள்.

முதல் நாளே யாராவது ஒருவர் பாய்ந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துக்கொண்டு போவார். "என்ன, என்னைக் கைது பண்றீங்களா?" என்று கேட்பாள். இன்னொருவர் அவளிடம் தொண்டை கிழியக் கத்திப் பேசுவார். "எனக்குக் கண்ணுதாங்க போச்சு" என்பாள். வேறொருவர் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "டீச்சர் டீ குடிப்பாங்களா?" என்று காவலாளியிடம் கேட்பார். அந்த ஆளுக்கு அன்று முழுக்க அவள் நேராகப் பதில் சொல்ல மாட்டாள். எல்லாவற்றையும் காவலாளி மூலமாகவே சொல்லி அனுப்புவாள்.

பிறகு கண்பட்டை. நாற்பது மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், சாப்பிட வேண்டும், படி ஏற வேண்டும். பட்டைக்கு அடியில் திருட்டுத்தனமாகப் பார்க்கிறவரைக் காலடிச் சத்தத்திலேயே பிடித்துவிடுவாள். "தெரியாதவன் கால் முதல்ல தரையக் கேக்கும். உங்க கால் கேக்கவே இல்லியே, எப்படி?" என்பாள். அந்த ஆள் அதுவரை நடந்தது கணக்கில் சேராது, முதலிலிருந்து நாற்பது மணி நேரம்.

கடைசித் தேர்வில் எழுதுவதற்கு ஒன்றும் கிடையாது. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பார்வை இழந்த ஒருவரை மாணவராகக் கொடுப்பார்கள். இரண்டு மாதம் அவரோடு நடந்து சாலையைப் பழக்க வேண்டும். முதலில் பக்கத்தில், பிறகு இரண்டடி பின்னால், பிறகு இன்னும் பின்னால். கடைசி நாளில், "நான் கேட்ல உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லி அவரைத் தபால் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு, வாசலில் போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார வேண்டும். மாணவர் திரும்பி வரும்வரை எழக் கூடாது. அவ்வளவுதான் தேர்வு.

அந்த நாற்காலி லேசுப்பட்டதல்ல. அசைந்தால் முனகும், எழுந்தால் வீறிட்டுக் கத்தும். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருப்பாள். நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அதிகம் கோட்டை விடுவார்கள். ஐந்தாவது நிமிடத்தில் நாற்காலி கத்தும். "மேடம், சும்மா முனை வரைக்கும் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்பார்கள். "ஃபெயில். அடுத்த மாசம் வாங்க" என்பாள்.

"இருக்கேன்னு சொன்னா இருக்கணும். இல்லேன்னு சொன்னா இருக்கக் கூடாது. கண்ணு தெரியாத ஆளுகிட்ட பொய் சொல்றது ரொம்ப சுலபம். அதனாலதான் சொல்லக் கூடாது" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாள். அந்த நாற்காலி முன்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. அது ஏன் அங்கே போனது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த வேலை கிடைத்தபோது, "நான் தனியாத்தான் போவேன், தனியாத்தான் வருவேன்" என்றாள். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடை. நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். "தாராளமா போ" என்றேன். காலையில் அந்த நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்து வழியனுப்புவேன். அவள் தெருமுனை திரும்பியதும் எழுந்து பின்னாலேயே போவேன். கால் வலிக்கிறது என்று சாக்குச் சொல்லி ரப்பர் அடி வைத்த துணிக் காலணி வாங்கிக்கொண்டேன். அவள் சாலை ஓரத்தில் நின்று வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னால் நின்று கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்துவேன். பஸ் ஓட்டுநருக்குக் கை காட்டுவேன். கதவு சரியாக அவளுக்கு எதிரே வந்து நிற்கும். சாயங்காலம் நிறுத்தத்தில் காத்திருந்து அதே வேலையைத் திருப்பிச் செய்வேன்.

"இன்னைக்கும் பஸ் கரெக்டா எனக்கு நேரா வந்து நின்னுச்சுங்க. ரோட்டைக் காதாலேயே பிடிச்சிட்டேன்" என்று வீட்டுக்கு வந்ததும் சொல்வாள். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். "கெட்டிக்காரி" என்பேன். அந்த வார்த்தை நினைவுக்கு வரும்போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் அதை வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள். தினமும் தனியாக வருகிறேன், என்னைப் பாருங்கள் என்று அத்தனை பேர் முன்னால் தன்னையே உதாரணமாகக் காட்டியிருக்கிறாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்குப் பேப்பர் கடைக்காரம்மா அவளை நிறுத்திக் கேட்டிருக்கிறார், "என்னம்மா, உங்க வீட்டுக்காரரு இன்னைக்குப் பின்னாடி வரலியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பாதி வழியிலேயே திரும்பி வந்தாள். நான் போர்வைக்குள் கிடந்தேன்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"எது?"

"எத்தனை நாளா?"

சொன்னேன். கண் தெரியாதவள் முன்னாலும் திருட்டு முழி முழித்தேன். "உன் நல்லதுக்குத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுங்க. ஊரே பாத்துச்சா? நான் கெத்தா நடந்து போறதையும், நீங்க பின்னாடி கையாட்டிக்கிட்டு வர்றதையும் ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சா? ரெண்டு வருஷமா நான் நடந்ததுல ஒண்ணுகூட என்னோடது இல்லியா?"

அதைவிட மோசமானது பிறகு வந்தது. தான் காதால் கேட்டுக் கடந்தது எது, நான் கை காட்டிக் கடந்தது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் காதை நம்பலாமா கூடாதா என்றே தெரியவில்லை. ஒரு நாள் சாலை ஓரம் வரை போய், கடக்காமல் திரும்பி வந்தாள். மூன்று வாரம் வாசல் தாண்டவில்லை. எந்தச் சாலையில் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நான் பின்னால் நடந்தேனோ, அந்தச் சாலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது நான்தான். பிறகு நிலையத்திலிருந்து வேறொரு பயிற்சியாளரை வரவழைத்து, முதல் நாள் மாணவி போல எல்லாவற்றையும் மறுபடி படித்தாள்.

துணிக் காலணி குப்பைக்குப் போனது. எனக்கு ஒரு தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நாற்காலியை வாடகை வண்டியில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோய் வாசலில் போட்டாள். காலையில் அவள் கிளம்பிக் கால்மணி கழித்துத்தான் நான் படி இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே பானையில்தான் சாப்பிடுகிறோம். ஒரு நாள்கூட ஒரே சாலையில் சேர்ந்து நடக்கவில்லை.

போன மாதம் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியில் கசிவு என்று கூப்பிட்டார்கள். போனேன். நிலையத்துக்கு ஒரு புதிய நிர்வாகி வந்திருந்தார். நான்கு மாதப் படிப்பைப் பத்து நாளாகச் சுருக்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறவர். நான் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னைக்குப் பரீட்சை. கண்ணு போன அந்த லாரிக்காரர் தனியா போறாராம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நிலையத்தோட பேரு என்ன ஆகும்? நீங்க சத்தமில்லாம பின்னாடியே போயிட்டு வந்துடுங்க" என்றார். பிறகு சிரித்தார். "உங்களுக்குத்தான் இதுல நல்ல அனுபவம் உண்டே."

கையில் இருந்த ஸ்பானரை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. "முடியாது சார்" என்றேன்.

"சரி. அப்ப என்ன நடந்தாலும் உங்க வீட்டம்மாதான் பொறுப்பு. இதுதான் அவங்க நடத்தற கடைசிப் பரீட்சையா இருக்கும், பாத்துக்குங்க."

இதை உடனே போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நேராக அவர் அறைக்குப் போய்ச் சண்டை போடுவாள், வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

லாரிக்காரர் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் கண் போனது. மகன் அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிறான். அதனால் வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்து வாசலைப் பூட்டிவிட்டுப் போகிறான். ஊர் ஊராகச் சுற்றிய மனிதர் மூன்று வருடமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தபால் நிலையத்துக்குத் தனியாகப் போய்த் திரும்பி வந்துவிட்டால் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று மகன் சொல்லியிருந்தான். அவருக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு நர்ஸ். இளகிய மனசு. வேறு மாணவர்களோடு இரண்டு முறை தேர்வுக்கு உட்கார்ந்து இரண்டு முறையும் நாற்காலியைக் கத்த வைத்தவர்.

நான் வரும் வழியில், தபால் நிலையத்துக்கு முந்தைய சந்து முனையில் குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். காலையில்தான் தோண்டியிருக்கிறார்கள். லாரிக்காரர் கோலை விரித்துக்கொண்டு கிளம்பத் தயாரானபோது, செருப்புச் சத்தம் ஊருக்கே கேட்க வாசலுக்குப் போனேன்.

"இங்க என்ன வேலை?" என்றாள் என் மனைவி.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம்" என்று லாரிக்காரரிடமே சொன்னேன். "சந்து முனையில புதுசா பள்ளம். உங்க இடது பக்கம். முழங்கால் ஆழம் இருக்கும். மேல ஒரு பலகை போட்டிருக்காங்க, ரெண்டு அடி அகலம். சுவர் ஓரமாவே போனா பலகை மாட்டும்."

நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், இன்னைக்கு வேண்டாமே. பள்ளத்தை மூடினதும் வெச்சுக்கலாம்" என்றார்.

"போகப் போறது நானா? அவர்கிட்ட கேளுங்க."

லாரிக்காரர் சிரித்தார். "பள்ளம் இல்லாத ரோட்டுல நான் வண்டியே ஓட்டினதில்லம்மா. வர்றேன்."

அவர் கோல் தட்டிக்கொண்டு போன சத்தம் முனையில் திரும்பி மறைந்தது. நான் தொட்டி வேலைக்குத் திரும்பக் கிளம்பினேன். "நீங்க எங்கயும் போக வேண்டாம். என் காதுக்கு எட்டற இடத்துல உக்காருங்க" என்றாள் என் மனைவி. நான்கு வருடம் ஆகியும் என்னை நம்பவில்லை. நம்பாததற்கு நான் யாரைக் குறை சொல்வது? கருவிப் பையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

வழக்கமாக இருபத்தைந்து நிமிடம் ஆகும். முப்பது ஆனது. நாற்காலி ஒரு முறை முனகியது. நர்ஸ் இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எனக்கே கால் பரபரத்தது. நாற்பதாவது நிமிடத்தில் கோல் சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தமல்ல, அடிக்கிற சத்தம்.

"யார்றா அது?" என்று கத்திக்கொண்டே வந்தார் லாரிக்காரர். "என் பின்னாடி வந்தது யாரு? சுவர் ஓரமா பலகையைத் தேடிக்கிட்டிருந்தேன். எவனோ தோளைப் பிடிச்சுத் திருப்பி, அப்படியே தள்ளிக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டான். யாருன்னு கேட்டா பதில் இல்ல. பேசாம நின்னா எனக்குத் தெரியாதாம்! தபால் ஆபீஸ் வரைக்கும் என் பின்னாடியே வந்தான், திரும்பியும் வந்தான்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். ஜன்னலில் நின்றிருந்த நான்கைந்து பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நாற்காலியின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"இவர் இல்ல" என்றாள் என் மனைவி. "நாப்பது நிமிஷமா பையில ஸ்பானரை உருட்டிக்கிட்டே இருக்கார். நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நாலு பேர் இல்லையென்றால் வாய்விட்டு அழுதிருப்பேன்.

அப்போது காவலாளி முனை திரும்பி வந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு. அவருக்கு முட்டி வலி, எந்நேரமும் தைலம் தேய்த்துக்கொள்வார். லாரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "இந்த வாசனைதான்!" என்றார்.

"நிர்வாகி சார்தாம்மா முன்னாடியே முனையில போய் நின்னு, பின்னாடியே போகச் சொன்னாரு. நான் என்ன பண்ணுவேன்?" என்றார் காவலாளி.

இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை. "காலையில முதல்ல என்னைத்தான் கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்" என்றேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"மறுபடியும் என் நல்லதுக்கா?" என்றாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

சத்தம் கேட்டு நிர்வாகி வெளியே வந்தார். "இப்ப என்ன ஆயிடுச்சு? பத்திரமா வந்துட்டார் இல்ல? எல்லாரும் பாஸ். போய் வேலையைப் பாருங்க."

"என் பையன்கிட்ட நான் என்னன்னு சார் சொல்வேன்?" என்றார் லாரிக்காரர்.

"தனியா போயிட்டு வந்தேன்னு சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

என் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "அவருக்குத் தெரியும் சார். யாருக்குன்னு கேட்டீங்களே, அதுல இவர் சேர்த்தி இல்லியா? உங்க கண்ணுக்கு இவர் ஆளாவே தெரியலியா? பாக்கறவனுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இந்த இடத்தை நடத்த வந்துட்டீங்க!"

"நான் மறுபடியும் போறேன்" என்றார் லாரிக்காரர்.

"அதுக்கு நான் அனுமதிக்க முடியாது."

"ரோட்டுல நடக்க உங்க அனுமதி எதுக்கு? வீட்டுல ஒருத்தன் பூட்டறான், இங்க வந்தா நீங்களா?" என்று சொல்லிவிட்டு அவர் கோலை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிர்வாகி காவலாளியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். காவலாளி செருப்பைக் கீழே போட்டு, காலில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நர்ஸம்மா, எந்திரிங்க. நீங்க பாஸ்" என்றாள் என் மனைவி. நாற்காலி வீறிட்டது. "சார், நீங்க உக்காருங்க."

"நானா?"

"நாலு மாசப் படிப்பைப் பத்து நாள்ல முடிக்கணும்னு சொல்றீங்களே. அரைமணி உக்காந்து காட்டுங்க."

ஜன்னலில் இப்போது இருபது தலைகள் இருந்தன. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த நிமிடத்திலிருந்து நாற்காலி முனகிக்கொண்டே இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் கத்தியது. "உக்காருங்க சார்." ஆறாவது நிமிடத்தில் கத்தியது. "உக்காருங்க சார்." பதினொன்றாவது நிமிடத்தில் எழுந்து, ஏதோ முணுமுணுத்துவிட்டு, விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஃபெயில்" என்றாள், கதவுக்குக் கேட்கும்படி.

லாரிக்காரர் அரைமணியில் வந்தார். ஒரு கால் முழங்கால் வரை சேறு, கையில் கசங்கிய தபால் உறை. "ஒரு கால் உள்ள போயிடுச்சு, நானே எடுத்துட்டேன்! ஒரு பய தொடல!" என்று கத்தினார். நர்ஸ் ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் கையைப் பிடித்தார். "பையனுக்கு போன் போடும்மா. சாவிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார் அவர்.

நிர்வாகி சும்மா விடவில்லை. சாயங்காலமே நாற்காலித் தேர்வு ரத்து என்று அறிவிப்பு ஒட்டினார். மூன்று நாளில் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி என் மனைவிக்கு ஒரு கடிதமும் வந்தது. நர்ஸ் அதைப் படித்துக் காட்டினார். "எழுதறேன், நல்லா எழுதறேன்" என்று அதை நாலாக மடித்துப் பையில் போட்டாள். அந்த வேலை இருக்குமா போகுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்குக் கிளம்பக் கோலை விரித்தாள். வீட்டுச் சட்டப்படியே நான் படியில் உட்கார்ந்தேன்.

"என்ன உக்காந்துட்டீங்க?"

"கால்மணி ஆகட்டும்னு."

"வாங்க" என்றாள். "பக்கத்துல. பின்னாடி வந்தீங்க, இந்தக் கோலாலேயே காலை முறிச்சிடுவேன்."

போனேன். என் செருப்புச் சத்தமும் அவள் கோல் சத்தமும் தெரு முழுக்கக் கேட்டன. பஸ் ஏறி எங்கள் நிறுத்தத்தில் இறங்கினோம். பெரிய சாலை வந்தது. ஓரத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு லாரி போனது, இரண்டு பஸ் போனது. அடுத்ததாக ஒரு கார் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. என் வலது கை தானாக மேலே எழப் பார்த்தது. அதைப் பிடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

"கை எங்க?" என்றாள்.

"பாக்கெட்ல."

"அங்கேயே இருக்கட்டும்" என்றாள். கார் போகும்வரை நின்று கேட்டாள். பிறகு சாலையில் இறங்கினாள்.